திருச்செந்தூருக்குத் தெற்கே: கடலுக்கும் தேரிக்கும் நடுவே மூன்று நாள்

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு 68 வயது. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே கடற்கரை ரோட்டைப் பிடித்துக் கன்னியாகுமரி போகலாம் என்று இருக்கிறோம். வழியில் பார்க்க ஏதாவது உண்டா, இல்லை வெறும் பனங்காடும் காற்றாலையும்தானா? ஒரே நாளில் முடியுமா?"

முடியும். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நல்ல ரோடு. காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் திருவள்ளுவர் சிலையைப் பார்த்துவிடலாம். அப்படிப் போகிறவர்கள்தான் ஊருக்குத் திரும்பியதும் "வழியில் ஒண்ணும் இல்லை" என்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயரே தவிர, பல இடங்களில் அதிலிருந்து கடலே தெரியாது. ரோட்டின் இரண்டு பக்கமும் பனையும் உடைமரமும்தான். பார்க்க வேண்டியவை ரோட்டுக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும். இல்லாவிட்டால் மேற்கே ஐந்து, பத்து கிலோமீட்டரில் இருக்கும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: நேராகப் போகாதீர்கள், குறுக்கே போங்கள். கடலுக்கு ஒரு தடவை, தேரி என்கிற சிவப்பு மணல்மேட்டுக்கு ஒரு தடவை. மூன்று நாள் ஒதுக்குங்கள்.

முதலில் இந்த நிலத்தைப் பற்றி. மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் மழை மறைவுப் பகுதி. ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வைகாசியிலிருந்து புரட்டாசி வரை விடாமல் அடிக்கும். அந்தக் காற்றுதான் பல்லாயிரம் ஆண்டாகச் சிவப்பு மணலை அள்ளிக் குவித்துத் தேரி ஆக்கியது. இன்றைக்குக் காற்றாலையைச் சுற்றுவதும் அதே காற்றுதான். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம். மீதி நாளெல்லாம் இந்தக் கரையில் இருக்கிறவனுக்கு ஒரே கவலை, நல்ல தண்ணீர். உப்புக் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிக்கிற தண்ணீரைத் தேடினவர்களின் ஊர்கள் இவை. கோயிலோ, சர்ச்சோ, தர்காவோ, எங்கே போனாலும் ஒரு கிணறோ சுனையோ ஆறோ கதையில் வந்து நிற்கும். கவனித்துப் பாருங்கள்.

முதல் நாளைத் திருச்செந்தூருக்கு வடக்கே தொடங்குங்கள். கோவையிலிருந்து வருகிறவர்கள் எப்படியும் திருநெல்வேலி வழியாகத்தான் வருவீர்கள். ஊரைத் தாண்டியதும் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் அரை மணி நேரம் நின்று சிலைகளைப் பாருங்கள். நாயக்கர் காலத்து வேலை, தட்டினால் ஓசை வரும் கல் என்று யாராவது தட்டிக்காட்ட வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக் கரையில் முதுமக்கள் தாழிகள் புதைந்து கிடக்கும் பரம்பு. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் தோண்டினார், அதற்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ, அப்புறம் 2004இல் இந்தியத் தொல்லியல் துறை. இப்போது தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்க்கும்போது கொஞ்சம் நெஞ்சு அடைக்கும். நவதிருப்பதியும் இதே வழிதான். ஆனால் ஒன்பது கோயிலுக்கும் ஏறி இறங்கினால் அந்த நாள் அதோடு முடிந்தது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் விடாமல் போகச் சொல்வது கொற்கைக்கு. பார்க்க ஒன்றுமே இல்லாத ஊர் அது, அதனாலேயே போக வேண்டும். பாண்டியனின் முத்துத் துறைமுகம். கிரேக்க மாலுமிகள் 'கொல்கொய்' என்று எழுதிவைத்த ஊர். இன்றைக்கு அங்கே வாழைத்தோட்டமும் வயலும் ஒரு குளமும்தான். கடல் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டைக் கணித்ததில் கி.மு. 785 என்று வந்தது. முதல் தடவை போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "தாத்தா, பழைய துறைமுகம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். "இந்தா நிக்கியள்லா, அதுதான். கடலு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டு" என்றார். பழைய வன்னிமரம் ஒன்று இருக்கிறது. வயலுக்கு நடுவில் அக்கசாலைப் பிள்ளையார் இருக்கிறார். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கிற இடம்; ஊர் போனாலும் பிள்ளையார் பெயரில் பழைய தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செழியநங்கை அம்மன் கோயிலும் உண்டு. வயல் ஓரத்து மண்ணைக் காலால் தள்ளிப் பாருங்கள், சிப்பித்துண்டு, சங்குத்துண்டு தட்டுப்படும்.

கடல் கோபித்துக்கொள்ளவில்லை, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்தான் அதைத் தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ சொல்லும் 'காயல்' பழையகாயல்தான் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். அதுவும் தூர்ந்ததும் புன்னைக்காயல், அதற்கும் பிறகு தூத்துக்குடி. ஆற்றின் வாய் நகர நகர ஊர்கள் அதன் பின்னாலேயே ஓடியிருக்கின்றன. கொற்கையில் நின்றுவிட்டு, ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலுக்குப் போய் ஆறு கடலில் விழுவதைப் பார்த்தால் இந்தக் கதை கண்ணுக்கே தெரியும். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்க்கலாம். புன்னைக்காயலில் அலையாத்தி மரங்கள் நிற்கும் கழிமுகம். போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக், தமிழில் அச்சான முதல் புத்தகங்களுக்குக் காரணமானவர், நெடுங்காலம் வேலை பார்த்த கரை இது. 1586இல் அவருடைய 'அடியார் வரலாறு' புன்னைக்காயலில் அச்சானதாகச் சொல்வார்கள். அச்சுக்கூடம் இருந்த தடயத்தைத் தேடாதீர்கள், வலை காயப்போட்டிருப்பார்கள்.

காயல்பட்டினத்தை நான் வேகமாகக் கடக்கச் சொல்கிறேன் என்றால், அது வேடிக்கை பார்க்கும் ஊர் இல்லை என்பதால்தான். பழைய பள்ளிவாசல்கள், வீட்டுக்கு வீடு பெண்கள் போய்வர விட்ட சந்துகள், அரபுத்தமிழ் ஏடுகள் என்று நிறைய உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவர் தெரிந்தால் போங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது இங்கேதான். ஒரு வருஷத்து மழையை விட அதிகம். ஶ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது அதே மழையில்தான். தண்ணீருக்குத் தவிக்கிற ஊர் என்று மேலே எழுதினேனே, அதன் மறுபக்கம் இது.

திருச்செந்தூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: ஞாயிறு, செவ்வாய், கிருத்திகை, விசாகம், சஷ்டி இதெல்லாம் விட்டுவிட்டு, புதன் வியாழன் போல ஒரு நாளில் விடியற்காலை போங்கள். தரிசனம் முடிந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று நாழிக்கிணறு. கடலிலிருந்து கூப்பிடு தூரம். படி இறங்கிப் போனால் ஒரு சின்னத் தொட்டி மாதிரிக் கிணறு, அள்ள அள்ள ஊறும், உப்பு இல்லை. கடலில் குளித்துவிட்டு இங்கே வந்து உப்பைக் கழுவுவது வழக்கம். இரண்டாவது, கோயிலுக்கு வடக்கே வள்ளி குகை இருக்கும் பாறை. சாமி கும்பிட்டதும் பாறையைத் தொட்டுப் பாருங்கள். மணலும் சுண்ணாம்பும் இறுகிய கல். நகத்தால் சுரண்டினாலே உதிரும். பழைய கோயிலும் இந்த மாதிரிக் கல்லில்தான் இருந்தது, உப்புக்காற்று தின்றுவிட்டது. மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்று மூன்று துறவிகள் ஒருவர் பின் ஒருவராகக் காசு திரட்டிக் கட்டி, 1941இல்தான் குடமுழுக்கு நடந்தது. அதனால் 'ஆயிரம் வருஷத்துத் தூண்' என்று யாராவது காட்டினால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகருங்கள். மூன்றாவது, ஒன்பது நிலை ராஜகோபுரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கவனியுங்கள். முருகன் கடலைப் பார்த்து நிற்கிறார், கோபுரம் அவர் முதுகுப் பக்கம். முன்னால் கட்ட இடம் விடவில்லை கடல்.

1640களில் டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைப் பிடித்துக்கொண்டதும், உற்சவரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனபோது புயல் வந்து கடலில் போட்டதும், 1653இல் வடமலையப்பப் பிள்ளை எலுமிச்சம்பழம் மிதந்த இடத்தில் மூழ்கி எடுத்ததும் கோயில் வரலாறு. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் கடலுக்கு முதுகைக் காட்டுங்கள். காயாமொழிப் பக்கம் மேற்கே போனால் கொஞ்ச நேரத்தில் மண்ணின் நிறம் மாறும். முதலில் செம்மண் என்றுதான் நினைப்பீர்கள். இன்னும் போனால் மிளகாய்ப்பொடியைக் கொட்டிவைத்தது போல மேடு மேடாகச் சிவப்பு மணல், கண்ணுக்கு எட்டுகிற மட்டும். இதுதான் குதிரைமொழித் தேரி. மணலை ஒரு பிடி அள்ளி வெள்ளைக் கைக்குட்டையில் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், துணி சிவக்கும், மணி வெளுக்கும். ஒவ்வொரு மணியும் சாதாரண மணல்தான், மேலே இரும்புத் துரு ஒரு தோல் மாதிரிப் படர்ந்திருக்கிறது, அவ்வளவே. இந்தத் தேரிகளில் கிடைத்த சின்னச் சின்னக் கல்லாயுதங்களைப் பற்றி 1956இல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கடல் மட்டமே வேறாக இருந்த காலத்தில் இந்த மேடுகளில் ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்தில், குறுக்கு வழி என்று நானாக நினைத்துக்கொண்டு காரைத் தேரிக்குள் விட்டேன். ஐம்பது அடி போயிருக்காது, பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே. இறங்கி நின்றால் செருப்புக்குள் மணல் போய்க் கால் வெந்தது. கொல்லாமர (முந்திரி)த் தோப்பில் காவலுக்கு இருந்த ஒருவர் வந்து பார்த்தார், சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. "சாவிய அணைங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, காய்ந்த பனைமட்டைகளை இழுத்துவந்து சக்கரத்துக்குக் கீழே அடுக்கினார், டயரில் பாதிக் காற்றை இறக்கினார், அப்புறம் மெதுவாக எடுக்கச் சொன்னார். வெளியே வந்துவிட்டது. தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள். எட்டு மணிக்குள் நடங்கள். சாயங்காலம் என்றால் நாலரைக்கு மேல்.

தேரிக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது, மேலப்புதுக்குடிப் பக்கம். ரோடு போகிறது, அம்மாவை அழைத்துப் போகலாம். சுற்றிலும் அனல் பறக்கிற சிவப்பு மணல், நடுவில் திடீரென்று மரங்கள் அடர்ந்து குளிர்ந்த ஒரு சுனை. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சின்னக் குளம் அளவுதான். ஆனால் தேரி வழியாக வந்து அங்கே நிற்கும்போது, ஏன் இந்தத் தண்ணீருக்குக் காவல் தெய்வம் வைத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மழைத்தண்ணீர் முழுவதையும் தேரி மணல் குடித்துவிடும், ஆவியாக விடாது, அடியில் போய்ப் பள்ளத்தில் கசிந்து வரும். கடற்கரை ஓரத்துக் கிணறுகள் சில நல்ல தண்ணீராக இருப்பதற்கும் இப்படி மணலுக்குள் இறங்கி நிற்கிற மழைத்தண்ணீர்தான் காரணம். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விட லேசு, அதன் மேலே மிதந்து நிற்கும். நாழிக்கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளித் தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கார்த்திகைக் கடைசியில் அங்கே நடக்கும் 'கள்ளர் வெட்டு' விழாவில் இளநீரை வெட்டுவார்கள், அது சிந்திய மண்ணை அள்ளிக்கொண்டு போய் வீட்டிலும் வயலிலும் போடுவார்கள்.

பங்குனியிலிருந்து ஆடிக்குள் வந்தால் பதனி குடிக்காமல் போகாதீர்கள். கோவையில் தள்ளுவண்டியில் 'பதநீர்' என்று எழுதி விற்கிறதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். உடன்குடி சுற்றுவட்டாரத்தில் காலை ஒன்பதுக்குள் ரோட்டோரம் பானையோடு உட்கார்ந்திருப்பார்கள். கேட்டதும் ஒரு பனையோலைத் துண்டை எடுத்து, இரண்டு மடிப்பு மடித்து, ஓரத்தை ஈர்க்கால் கட்டிக் கையில் கொடுப்பார்கள். அது பட்டை. அதில் பதனியை ஊற்றி, நுங்கு இருந்தால் அதையும் வழித்துப் போடுவார்கள். ஓலை வாசமும் லேசான சுண்ணாம்பு வாசமும் சேர்ந்து வரும். பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதனி, தடவாவிட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் கள். குடித்து முடித்ததும் "இன்னொரு பட்டை ஊத்தட்டா அண்ணாச்சி?" என்பார்கள். மூன்றாவது பட்டைக்கு மேல் வேண்டாம், வெறும் வயிற்றில் வேலை காட்டும். பனையேறி மரத்துக்கு மரம் ஏறி ஒரு நாளைக்கு இரண்டு வேளை பாளை சீவ வேண்டும். முப்பது நாற்பது மரம். காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். விடிலி என்கிற ஓலைக்குடிசையில் பெரிய சட்டி, அடியில் காய்ந்த மட்டையும் உடைமுள்ளும் எரியும். பதனி கொதித்துக் குறுகிப் பாகாகி, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். புகைக்குக் கண் எரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குலசேகரப்பட்டினம் அடுத்தது. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வந்தால் அது தனி உலகம்: காளி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரன் என்று விரதம் இருந்து வேஷம் கட்டினவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வந்து, விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்ப்பார்கள். குடும்பத்தோடு, வயதானவரோடு அந்த நெரிசலுக்கு வர வேண்டாம். மற்ற நாளில் ஊர் அமைதி. ஒரு காலத்தில் இது துறைமுகம். பனஞ்சர்க்கரை ஆலைக்காகத் திசையன்விளை வரை ஒரு குட்டி ரயில்கூட ஓடியது. 1942 போராட்டத்தில் இங்கேயுள்ள உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டு, அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். தூக்கு நிறைவேறவில்லை, பிறகு விடுதலையானார்கள். இப்போது ஊர்ப்பெயர் அடிபடுவது ராக்கெட் தளத்துக்காக. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேலே போகாமல் வளைத்து ஓட்ட வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே வெறும் கடல்தான். சின்ன ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிய மிச்சம். சரி, இப்போதைக்கு வெளியிலிருந்து பார்க்க வேலியும் கட்டுமானமும்தான், வண்டியை நிறுத்த வேண்டாம்.

இந்த வழியில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் மணப்பாடு என்பேன். திருச்செந்தூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். கடலுக்குள் மூக்கு நீட்டிய மாதிரி ஒரு மணற்பாறைக் குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில். 1540இல் புயலில் மாட்டின ஒரு போர்த்துகீசியக் கப்பல் கரை சேர்ந்ததாகவும், உடைந்த பாய்மரத்தில் அதன் கப்பித்தான் சிலுவை செய்து இந்த மேட்டில் நட்டதாகவும் சொல்வார்கள். 1581இல் கோயில் எழும்பியது. இந்தக் கரைப் பரதவர்கள் 1530களில், முத்துக்குளிப்பில் வந்த தகராறில் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடிப் போய்க் கிறிஸ்தவர்களானவர்கள். சவேரியார் 1542இல் வந்தார்; செபங்களைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டு, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டவர். அவர் தங்கிய குகை குன்றின் கடல் பக்கச் சரிவில் இருக்கிறது. தலையைக் குனிந்து உள்ளே போனால் வெளியே அலை இரைவது திடீரென்று அடங்கிவிடும். உள்ளே ஒரு கிணறு. கடல் மட்டத்துக்குப் பக்கத்தில், அலை எட்டுகிற தூரத்தில், நல்ல தண்ணீர். திருச்செந்தூரில் முருகன் வேலால் குத்தி வரவைத்தது என்பார்கள், இங்கே சவேரியாருக்கு ஊறியது என்பார்கள். கதையில்தான் வித்தியாசம், தண்ணீரின் ருசியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

குன்றின் மேல் சாயங்காலம் ஐந்து மணிக்கு நில்லுங்கள். கிழக்கே திறந்த கடல், வெள்ளை நுரையோடு மோதும். மறுபக்கம் திரும்பினால் கருமேனியாறு வந்து சேரும் கழி, நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டு, அதற்குள் தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். ஊர்ப் பையன்கள் வள்ளத்தை இழுத்துப்போட்டுவிட்டு அதில் நீந்திக்கொண்டிருப்பார்கள். காற்று மாதங்களில் பட்டம் கட்டிய பலகையில் சறுக்குகிற விளையாட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். குன்றிலிருந்து இறங்கி ஊருக்குள் ஒரு சுற்று நடங்கள். இலங்கை வியாபாரத்தில் செழித்த காலத்தில் கட்டின பெரிய வீடுகள், மாடி வளைவுகள், சில பூட்டிக்கிடக்கும். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் திருவிழா, 14ஆம் தேதி பெருநாள், அப்போது ஊர் நிறைந்திருக்கும். அம்மாவைப் பொறுத்தவரை கோயில் வரை பிரச்சினை இல்லை. குகைக்கு இறங்குவது மட்டும் முழங்காலைப் பார்த்துத்தான்.

காற்றைப் பற்றிக் கரையில் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. எந்தக் காற்றில் சாளை வரும், எதில் கடல் கலங்கும் என்று வரிசையாகச் சொல்வார்கள். முத்துக்குளிப்பைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் தாத்தா கதை சொல்வார்கள். கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

மூன்றாம் நாள் பெரியதாழையைத் தாண்டி உவரி. திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரை இந்தப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. மேலே சொன்ன கடற்கரை ஊர்களெல்லாம் 1986இல் பிரிந்து தூத்துக்குடி மாவட்டம் ஆனவை. சீமை ஒன்றுதான், அதனால் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. உவரியில் சுயம்புலிங்கசாமி கோயிலும் அந்தோணியார் கோயிலும் ஒரே ஊருக்குள், இரண்டுக்கும் வெளியூர்க் கூட்டம். கப்பல் மாதா கோயில் கப்பல் வடிவத்திலேயே கட்டியிருக்கிறார்கள், மேலே ஒரு ஆகாய விமானமும் உண்டு. அழகா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, குழந்தைகளுக்குப் பிடிக்கும். கரையில் மணலைக் குனிந்து பாருங்கள். அலை இழுத்துவிட்ட இடத்தில் கறுப்பும் ரோஜாச் சிவப்பும் வரிவரியாகப் பிரிந்து கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கனமான மணி கீழே தங்கும், லேசானதை அலை கொண்டுபோகும். கடலே புடைத்துப் பிரிக்கிறது. இந்த மணலை அள்ளியதில் நடந்த பஞ்சாயத்துகள் ஊரறிந்தவை, 2013இல் அரசு தடை போட்டது. இங்கே குளிக்க இறங்காதீர்கள். கரை சட்டென்று சரியும், இழுப்பு அதிகம்.

உவரியிலிருந்து மறுபடியும் உள்ளே திரும்பினால் இடையன்குடி. 1841இல் கால்டுவெல் வந்து குடியேறிய ஊர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது 1856இல் வந்தது. அதே காலத்தில் இந்தத் தேரி ஓரத்தில் ஒரு சர்ச்சும் கட்டிக்கொண்டிருந்தார். 1847இல் தொடங்கி 1880இல் முடிந்தது, 33 வருஷம். அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக்கியிருக்கிறது. கொடைக்கானலில் 1891இல் இறந்தவரைக் கொண்டுவந்து இந்தச் சர்ச்சுக்குள்தான் புதைத்தார்கள். மெஞ்ஞானபுரத்துச் சர்ச்சும் இதே வட்டாரம்தான், அதன் கோபுரம் 192 அடி. பனைகளுக்கு மேலே ஊசி மாதிரித் தூரத்திலிருந்தே தெரியும். முதலூர் வழியாக வந்தால் மஸ்கோத் அல்வா வாங்குங்கள். திருநெல்வேலி அல்வா நெய்யில், இது தேங்காய்ப்பாலில். சூட்டோடு வாங்கி அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் மறுநாள் என்பவர்களும் உண்டு.

ஆத்தங்கரைப் பள்ளிவாசலையும் விட்டுவிடாதீர்கள். திருக்குறுங்குடி மலையில் பிறந்த நம்பியாறு கடலில் விழுகிற இடத்தில் தர்கா. சேக் முகமது, சையது அலி பாத்திமா இருவரும் அடங்கிய இடம். வருகிறவர்களில் பாதிப்பேர் இந்துக்கள், குடும்பத்தோடு வந்து தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் போவார்கள். ஆற்றில் தண்ணீர் இருப்பது மழைக்காலத்தில் மட்டும்.

அதற்குத் தெற்கே இடிந்தகரையும் கூடங்குளமும். அணு உலையின் குவிமாடங்கள் நெடுந்தொலைவுக்குத் தெரியும். 2011, 12இல் போராட்டப் பந்தல் நின்ற லூர்து மாதா கோயில் முற்றம் ரோட்டிலிருந்து பக்கம்தான். உலை வளாகத்துப் பக்கம் கேமராவை நீட்ட வேண்டாம், வீண் வம்பு.

கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் முன்னால் வட்டக்கோட்டையில் இறங்குங்கள். அது திருவிதாங்கூர்க் கோட்டை. குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியான, டச்சுப் படையிலிருந்த டிலனாய் பலப்படுத்திக் கட்டியது. கோட்டைச் சுவர் கடலுக்குள் காலை நீட்டியிருக்கும். மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத்தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சு. அந்தக் கணவாய்க் காற்று அங்கே நேராக முகத்தில் அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. தை, மாசியில் வெயில் தாழ்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பட்டைத்தலை வாத்தும் பூநாரையும் செங்கால் நாரையும் வந்திருக்கும். அந்த ஊரில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஆனால் தை மாதத்தில் பதனி கிடையாது, பனங்கிழங்குதான். பதனிக்காக வந்தால் வெயிலைத் தாங்க வேண்டும். அம்மாவோடு வருவதால் தை, மாசி என்றே சொல்வேன். திருச்செந்தூரில் இரண்டு ராத்திரி தங்கிக்கொண்டு மூன்றாம் நாள் தெற்கே இறங்கினால் பெட்டியைத் தூக்கி அலைய வேண்டியதில்லை. மணப்பாட்டிலும் உவரியிலும் தங்க நல்ல வசதியை எதிர்பார்க்காதீர்கள். மதியச் சாப்பாட்டைக் கடலோரத்தை நம்பி வைக்காமல் உடன்குடி, திசையன்விளை என்று உள்ளூர் டவுனில் முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் நாலு வண்டியில் இருக்கட்டும்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மங்கலாக, ஒரே நிறமாக இருந்தால் நல்லது. உடைந்த இடம் கண்ணாடித்தூள் மாதிரி மினுங்கினால் சீனி கலந்தது. வாயில் போட்டால் உடனே கரையக் கூடாது, கொஞ்சம் கரிப்பும் தட்ட வேண்டும். சுக்கும் ஏலமும் போட்ட சில்லுக்கருப்பட்டி அரைக் கிலோ போதும், அது கோவை போய்ச் சேராது, கயத்தாறு தாண்டுவதற்குள் காரிலேயே தீர்ந்துவிடும்.